பாடும் பரப்பும்: பழவேற்காட்டுக் குப்பங்களை முன்வைத்து ஊரமைப்புத் திட்டப் பனுவல்கள் குறித்த ஒரு விமர்சன வாசிப்பு

ஆய்வுச் சுருக்கம்

கடலோர ஊரகக் குடியிருப்புகளுக்கென எழுதப்பட்ட அரசு அறிவிக்கைகள், அரசாணைகள், வரைபடங்கள் ஆகியவற்றைப் பனுவல்களாகக் கொண்டு, அவை பழவேற்காட்டு ஏரிக்கரைக் குப்பங்களை எவ்வாறு வாசிக்கின்றன என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. குப்பத்தின் அமைப்பு நிலப்பரப்பால் மட்டும் அமைவதன்று. நீரின்மேல் முறைவைத்துப் பெறும் உரிமையாலும் அமைவது. அவ்வுரிமையைக் குறிக்கும் ‘பாடு’ என்னும் சொல் திட்டப் பனுவல்களில் இடம்பெறாமையையும், அச்சொல்லைப் போற்றும் திணைசார் ஆய்வுகள் அதன் விலக்கங்களைக் காணத் தவறுவதையும் இக்கட்டுரை ஒருசேர விமர்சிக்கிறது.

திறவுச்சொற்கள்: பழவேற்காடு, பாடு, குப்பம், நெய்தல், கடலோர ஒழுங்குமுறை மண்டலம், வளங்குன்றா ஊரமைப்பு.

முன்னுரை

திருவள்ளூர் மாவட்டம் பொன்னேரி வட்டத்தில், பழவேற்காட்டு ஏரிக்கு அண்மையில் திருப்பாலைவனம் என்றோர் ஊர் உள்ளது. வெளியூரார் இப்பெயரைக் கேட்டதும் மணலும் வறட்சியும் நினைவுக்கு வரும். ஊராரோ பாலை மரங்கள் அடர்ந்த வனம் என்றே பொருள் சொல்வர். அங்குள்ள சிவன் கோயிலின் தலமரமும் பாலையே. மரம் அடர்ந்த காட்டைக் குறித்த சொல், ஊரை அறியாதவர் செவியில் ஒன்றுமில்லாத வெளியைக் குறிக்கும் சொல்லாக மாறிவிடுகிறது. இது வெறும் சொல்லாராய்ச்சி வேடிக்கை அன்று. இவ்வட்டாரத்தில் ஏரியின் சேற்றுத்திட்டும், மணல்மேடும், வலை உலர்த்தும் களமும் வருவாய்ப் பதிவேடுகளில் ‘புறம்போக்கு’ என்றோ ‘தரிசு’ என்றோ எழுதப்படுகையில் நிகழ்வதும் இதுவே. பயன்பாடு நிறைந்த இடம் பதிவேட்டில் வெற்றிடமாகிறது. வெற்றிடம் என்று எழுதப்பட்ட இடத்தில் எதையும் நிரப்பலாம் என்னும் எண்ணம் திட்டம் வகுப்போர்க்கு எளிதில் எழுகிறது.

ஊரகப் பகுதிகளில் வளங்குன்றாக் குடியிருப்புகளைத் திட்டமிடுதல் குறித்த உரையாடல் பெரும்பாலும் பொறியியல், புவியியல், பொருளியல் துறைகளுக்கு உரியதாகக் கருதப்படுகிறது. தமிழாய்வு அதில் நுழைய வேண்டிய தேவை என்ன என்று கேட்கலாம். திட்டம் என்பது ஒரு மொழிச் செயல்பாடு. எதற்குப் பெயரிடுகிறது, எதற்குப் பெயரிடாமல் விடுகிறது என்பதில்தான் அதன் அரசியல் அடங்கியுள்ளது. ஆகவே திட்ட ஆவணங்களை இலக்கியப் பனுவல்களுக்கு இணையான கூர்மையோடு வாசிப்பது தமிழாய்வின் கடமைகளுள் ஒன்று எனும் கருத்தில் இக்கட்டுரை எழுதப்படுகிறது.

வரைபடத்தில் குப்பம்

சிலிக்கா ஏரிக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர்க் காயல் பழவேற்காடு. அதன் பெரும்பகுதி ஆந்திரப் பிரதேசத்திலும் தென்பகுதி தமிழ்நாட்டிலும் அமைந்துள்ளன. ஆரணியாறு தெற்கிலும் காளங்கி, சுவர்ணமுகி ஆறுகள் வடக்கிலும் நன்னீர் கொணர்கின்றன. பக்கிங்காம் கால்வாய் ஏரியோடு இணைகிறது. ஸ்ரீஹரிகோட்டா என்னும் மணல்தீவு கடலுக்கும் ஏரிக்கும் இடையே கிடக்கிறது. டச்சுக்காரர் 1613இல் கட்டிய கெல்டிரியா கோட்டை இவ்வூரை ஏறத்தாழ எண்பது ஆண்டுகள் சோழமண்டலக் கரை வணிகத்தின் தலைமையிடமாக வைத்திருந்தது. பழவேற்காடு குறித்த எழுத்துகளில் மிகுதியானவை அக்கோட்டையையும் கல்லறைகளையும் பூநாரைகளையுமே சுற்றி வருகின்றன. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுக்குப்பம், கூனங்குப்பம், அரங்கங்குப்பம், கலங்கரைவிளக்கக் குப்பம் ஆகிய பெயர்கள் அவ்வெழுத்துகளில் வழிகாட்டிப் பலகைகளாக மட்டுமே வந்து போகின்றன.

இக்குப்பங்களுக்குச் சட்டத்தின் பார்வையில் ஓர் இடத்தைத் தந்தது 2011ஆம் ஆண்டின் கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை. கடலோர மண்டல மேலாண்மைத் திட்டத்தைத் தயாரிக்கும் மாநிலங்கள் மீனவ ஊர்களையும் மீனவச் சமூகங்களின் பொதுச் சொத்துகளையும் படகுத்துறை, மீன் உலர்த்தும் களம் முதலியவற்றையும் புல எண் தெரியும் அளவிலான வரைபடத்தில் குறிக்க வேண்டும். எதிர்கால மக்கள்பெருக்கத்தையும் கருத்தில் கொண்டு மீனவர்களுக்கான நீண்டகால வீட்டுவசதித் திட்டத்தை வகுக்க வேண்டும் என்று அது பணித்தது. 2019 அறிவிக்கையும் இக்கடமையைத் தொடர்கிறது. ஒரு சட்டப் பனுவல் என்ற அளவில் இவ்வாசகம் பாராட்டத்தக்கது. ‘பொதுச் சொத்து’ என்ற தொடரை அது மீனவரோடு இணைத்துப் பேசுகிறது. குப்பம் வீடுகளின் தொகுப்பு மட்டுமன்று என்பதை அது ஒருவாறு ஒப்புக்கொள்கிறது.

ஆயின் வாசகத்துக்கும் வரைபடத்துக்கும் இடையே ஓர் அளவுகோல் நிற்கிறது. மண்டல வகைப்பாட்டு வரைபடங்கள் 1:25,000 என்னும் அளவில் வரையப்படுவன. அவ்வளவில் இருபது மீட்டர் அகலமுள்ள ஒரு மீன் உலர்த்தும் களம் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. கோட்டின் தடிப்புக்குள் அது மறைந்துவிடும். ஊர்மட்டத்தில் பயன்படுத்த 1:3,960 அல்லது அதற்கு அண்மிய அளவில் வரையப்படும் படத்தில் அதே களம் ஐந்து மில்லிமீட்டராக விரிந்து கண்ணுக்குப் புலப்படும். எந்த அளவில் வரைகிறோம் என்பது தொழில்நுட்பத் தேர்வு போலத் தோன்றினும் அது யாரைக் காண விரும்புகிறோம் என்னும் தேர்வே. 2019 அறிவிக்கையின்படி தமிழ்நாட்டுக்குத் தயாரான வரைவுப் படங்கள்மீது 2023இல் கடலோர மாவட்டங்களில் கருத்துக்கேட்பு நடந்தபோது, மீனவர் அமைப்புகள் எழுப்பிய மறுப்புகளின் மையம் இதுவாகவே இருந்தது: ஊரின் பொதுப் பயன்பாட்டு இடங்களும் வீட்டுவசதித் திட்டமும் படத்தில் எங்கே?

இன்னொரு சிக்கலும் உண்டு. 2019 அறிவிக்கை ஊரகக் கடற்கரையை மக்களடர்த்தியின் அடிப்படையில் இரண்டாகப் பிரிக்கிறது. 2011 கணக்கெடுப்பின்படி சதுர கிலோமீட்டருக்கு 2,161 பேருக்கு மேல் வாழும் பகுதியில் உயர் அலைக்கோட்டிலிருந்து 50 மீட்டர் வரையும், அதற்குக் குறைந்த அடர்த்தியுள்ள பகுதியில் 200 மீட்டர் வரையும் கட்டடம் எழுப்பத் தடை விதிக்கப்படுகிறது. குப்பம் வருவாய் அலகு அன்று. அது ஒரு வருவாய்க் கிராமத்தின் சிறுபகுதி. சுவரோடு சுவர் ஒட்டி வாழும் ஒரு குப்பத்தின் மக்கள்தொகையை, உப்பளமும் சேற்று நிலமும் அடங்கிய முழுக் கிராமத்தின் பரப்பால் வகுத்தால் வரும் எண் அங்கு வாழ்வோர் அறிந்த நெருக்கத்தோடு எவ்விதத்திலும் பொருந்தாது. ‘குப்பம்’ என்ற சொல்லை நிருவாக மொழி ஒரு பெயரொட்டாக மட்டும் வைத்திருப்பதால் விளையும் இடர் இது.

முந்நூற்று இருபத்தைந்து சதுர அடி

2004 ஆழிப்பேரலைக்குப் பின் தமிழ்நாடு அரசு வெளியிட்ட அரசாணை (நிலை) எண் 172, நாள் 30.03.2005, கடற்கரைக் குடியிருப்பு பற்றிய மிக முக்கியமான பனுவல். உயர் அலைக்கோட்டிலிருந்து 200 மீட்டருக்குள் இருந்தோர் அதற்கு அப்பால் செல்ல இசைந்தால் ஒன்றரை இலட்சம் ரூபாய் மதிப்பிலான புதிய வீடு இலவசம். இசையாதோர் பழைய இடத்திலேயே வாழலாம், ஆனால் உதவி கிடையாது. பெயரளவில் இது தெரிவு, உள்ளடக்கத்தில் நிபந்தனை. வீட்டின் பரப்பு ஏறத்தாழ 325 சதுர அடி.

அரசாணையின் மனித நேயத்தையோ விரைவையோ இங்குக் குறைகூறுவது நோக்கமன்று. உயிரிழப்பின் அச்சம் அடங்காத நாள்களில் எழுதப்பட்டது அது. ஆயினும் அப்பனுவல் ‘வீடு’ என்று எதைக் கொள்கிறது என்பதைக் கேட்டாக வேண்டும். மீனவர் வீடு அதன் சுவர்களோடு முடிவதில்லை. வலை வெளியில் கிடக்கும். கருவாடு வெளியில் காயும். கூடையும் பனிக்கட்டிப் பெட்டியும் வாசலில் இருக்கும். வலைப்பழுது மரநிழலில் நடக்கும். காற்றின் திசையும் நீரின் நிறமும் வாசலில் இருந்தபடியே பார்க்கப்படும். இவற்றையெல்லாம் கழித்துவிட்டு எஞ்சும் உறங்கும் அறையைத்தான் அரசாணை அளந்து தருகிறது. நாகப்பட்டினம் மாவட்டத்துப் புனரமைப்பை ஆராய்ந்த ஜெனிபர் டுயின் பேரன்ஸ்டைன், வரிசை வீடுகளுக்காக மனையைச் சமன்செய்தபோது ஊரின் மரங்களும் பயன்பாட்டிலிருந்த பழைய வீடுகளும் அழிந்ததைப் பதிவுசெய்துள்ளார். நிழல் போனதும் வலைப்பழுது பார்க்கும் இடம் போயிற்று; அந்த இடத்தில் கூடிப்பேசிய ஊரும் உடன் போயிற்று என்று அதை விரித்துக்கொள்ளலாம்.

பாடு

இனி, திட்டப் பனுவல்களில் இல்லாத சொல்லுக்கு வருவோம். பாடு என்பது ‘படு’ என்னும் வினையடியில் பிறந்தது. அகராதிகள் அதற்கு இடம், பக்கம், பயன், உழைப்பு, வருத்தம் எனப் பல பொருள் தருகின்றன. கடற்கரைப் பேச்சில் இவை ஒன்றையொன்று விட்டு விலகாமல் கூடிநிற்கின்றன. மீன்பாடு என்றால் கிடைத்த மீனின் அளவு; பாடுபடுதல் என்றால் உழைத்து வருந்துதல்; இலங்கையின் கரைவலைத் தொழிலில் பாடு என்பது வலையிழுக்க உரிமையுள்ள கரைத்துண்டு. மன்னாரில் தாழ்வுபாடு, வங்காலைப்பாடு என ஊர்ப்பெயர்களாகவே அது நிலைத்துவிட்டது. தொழில் செய்யும் இடத்தின் பெயரே குடியிருக்கும் ஊரின் பெயராவதில் உள்ள அமைப்புமுறையை ஊரமைப்பு வல்லுநர் எவரும் கவனித்ததாகத் தெரியவில்லை. நெய்தலின் சிறுபொழுதான எற்பாடு என்னும் சொல்லிலும் இப்பாடு உண்டு. அது மாலையா காலையா என்னும் உரைவேறுபாட்டுக்குள் இங்குப் புக வேண்டியதில்லை; இடத்தைக் குறிக்கும் சொல் பொழுதையும் குறிக்கவல்லது என்பது மட்டும் நம் வாதத்துக்குப் போதும்.

பழவேற்காட்டில் பாடு என்பது ஏரியில் இறால் பிடிக்கும் இடங்களை முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடு. கோட்டைக்குப்பம், நடுக்குப்பம், ஆண்டிக்குப்பம் ஆகிய மூன்று குப்பங்களின் பட்டினவர் இதன் மரபுவழி உரிமையாளர். செபாஸ்டியன் மாத்யூ 1991இல் ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை நிறுவனத்துக்காக எழுதிய ஆய்வறிக்கை இதனை முறையாகப் பதிவுசெய்தது. ஏரியின் சராசரி ஆழம் ஒரு மீட்டர் அளவே. கடலிலிருந்து முகத்துவாரம் வழியே உள்ளே வரும் இறால் குஞ்சுகள் ஏரியில் வளர்ந்து மீண்டும் கடலுக்குத் திரும்பும். ஆகவே முகத்துவாரத்தை ஒட்டிய நீரோட்டப் பகுதிகள் வளம் மிக்கவை; கழி ஊன்றிக் கட்டும் வலைகளுக்கு உகந்தவை. எல்லா இடமும் ஒரே விளைச்சலைத் தருவதில்லை. எல்லா நாளும் ஒரே நீர் ஓடுவதில்லை. இவ்வேறுபாட்டை எவர் தலையிலும் நிலையாகச் சுமத்தாமல், இன்று நல்ல இடம் பெற்றவர் நாளை விட்டுக்கொடுக்கும்படி சுழற்றுவதே பாட்டின் உள்ளியல்பு. தலைக்கட்டு என்னும் உறுப்புரிமை பெற்ற ஆண்மகனுக்கு முறை உண்டு. முறையைத் தீர்மானிப்பதும் தகராறு தீர்ப்பதும் ஊர்ப் பஞ்சாயத்து.

இவ்வமைப்பு உலகில் தனித்ததன்று. துருக்கியின் அலன்யா கடற்கரையில் 1970களில் உருவான ஏற்பாட்டை, பிக்ரெட் பெர்கஸின் கள ஆய்வைக் கொண்டு எலினோர் ஆஸ்ட்ரம் தம் 1990 நூலில் விளக்குகிறார். ஒவ்வொரு செப்டம்பரிலும் தகுதியுள்ள மீனவர் பட்டியல் தயாராகும். பெயரிடப்பட்ட இடங்களுக்குச் சீட்டுக் குலுக்குவர். சனவரி வரை ஒவ்வொரு நாளும் ஓரிடம் கிழக்கே நகர்வர். பின்னர் மே வரை மேற்கே நகர்வர். இலங்கையின் நீர்கொழும்புக் களப்பில் கழிவலைத் தொழில் நான்கு மீனவர் சங்கங்களிடையே இதுபோன்றே முறைவைத்து நடைபெறுகிறது. அலன்யாவில் என்னை ஈர்த்த செய்தி சுழற்சி அன்று, ஒரு சிறு நடைமுறை: மீனவர் கையெழுத்திட்ட இடப்பட்டியலின் படி ஒன்று நகரத் தலைவரிடமும் இன்னொன்று காவல் அதிகாரியிடமும் ஒப்படைக்கப்பட்டது. அதாவது, நீரின்மேல் எழுதப்பட்ட ஊர்வழக்கு அரசின் அலமாரியில் ஓர் ஆவணமாக இடம்பெற்றது. பழவேற்காட்டுப் பாட்டுக்கு மேலாண்மைத் திட்டத்தில் அத்தகைய இடம் இல்லை. மீன் உலர்த்தும் களமாவது ஐந்து மில்லிமீட்டருக்குத் தகுதி பெறுகிறது. பாடு நீரில் இருப்பதால், அதிலும் நாள்தோறும் மாறுவதால், எந்த அளவுகோலிலும் வரையப்படுவதில்லை. நிலையாக நிற்பதை மட்டுமே சொத்தாகக் காணும் பார்வைக்கு முறைவைத்து நகரும் உரிமை புலப்படாது.

குப்பத்தின் வீடுகள் ஏன் அந்த இடத்தில், அந்த நெருக்கத்தில், அந்தத் துறையை நோக்கி அமைந்துள்ளன என்பதற்கான விடை பாட்டில்தான் இருக்கிறது. முறை வந்த நாளில் நீரோட்டம் திரும்பும் வேளைக்குள் வலை கட்டியாக வேண்டும். அது நள்ளிரவாக இருக்கலாம், விடியற்காலையாக இருக்கலாம். பிடித்த இறால் வெயில் ஏறுமுன் கைமாற வேண்டும். துறைக்கும் வீட்டுக்கும் இடையேயான தொலைவு இங்கு வசதி பற்றிய வினா அன்று. உரிமையைப் பயன்படுத்த இயலுமா இயலாதா என்னும் வினா. குடியிருப்பை ஒரு கிலோமீட்டர் உள்ளே நகர்த்தும் திட்டம் வீட்டைத் தந்து பாட்டைப் பறிக்கக்கூடும். இழப்பீட்டுக் கணக்கில் அந்த இழப்புக்குத் தலைப்பே இராது.

பட்டியலில் இல்லாதவர்

இந்த இடத்தில் நிறுத்திக்கொண்டால் இக்கட்டுரை எளிதாக முடிந்திருக்கும். அரசு அறியாததை மரபு அறிந்திருந்தது என்னும் பழகிய முடிவு கைக்கு எட்டும் தொலைவில் இருக்கிறது. என் ஆய்வு முன்வரைவில் ‘நெய்தல் மக்களின் இயற்கையோடு இயைந்த பகிர்வு வாழ்வு’ என்றொரு தொடரை நானே எழுதியிருந்தேன். இன்று அதை எழுத என் கை துணியாது.

பாடு பகிர்வது தலைக்கட்டுகளுக்குள்; தலைக்கட்டு அமைவது ஒரு சாதிக்குள், அதிலும் மூன்று குப்பங்களுக்குள், அதிலும் ஆண்களுக்குள். அதே ஏரியை நம்பி வாழும் தலித் மக்களும், ஜமீலாபாத் போன்ற ஊர்களின் முஸ்லிம் மீனவரும், வலையின்றிக் கையாலேயே சேற்றில் தடவி இறால் பிடிக்கும் இருளரும் அப்பட்டியலில் இல்லை. பெண்கள் எந்தப் பட்டியலிலும் இல்லை. பாடு இல்லாதோர்க்கு எஞ்சியது கரையோர ஆழமற்ற நீரும் சேற்றுத்திட்டும். ஸ்ரீஹரிகோட்டா 1969இல் ஏவுதளத்துக்கெனத் தேர்ந்தெடுக்கப்பட்டபின் தீவிலிருந்த ஊர்கள் அகற்றப்பட்டன. கடற்கரைத் தொழிற்சாலைகளும் துறைமுகங்களும் பின்னர் வந்தன. ஏரியை நம்புவோர் பெருகப் பெருக, பகிர்வின் எல்லையில் மோதல்களும் பெருகின. மோதலின் தோற்றுவாய் வெளியில் இருந்தாலும் அது வெடித்த கோடு சாதிக்கோடே.

சாரா கூல்தார்ட் 2008இல் வெளியிட்ட பழவேற்காட்டு ஆய்வு இன்னொரு சிக்கலையும் காட்டுகிறது. ஏரி நலியும்போது பாடு உடையோரே எளிதில் மாற்று வழிகளைத் தேடுவர் என்று நாம் எதிர்பார்ப்போம். ஆனால் மரபுரிமையைக் காத்துக்கொள்வதும் வேறு வருவாய்க்குப் பெயர்வதும் ஒன்றோடொன்று முரண்படுவதை அவர் சுட்டுகிறார். உரிமை என்பது பாதுகாப்பாகவும் பிணைப்பாகவும் ஒரே வேளையில் அமைகிறது. பாட்டை ‘வளங்குன்றா மேலாண்மை’ என்று மட்டும் மொழிபெயர்க்கும் எழுத்துகள் இப்பிணைப்பை மறந்துவிடுகின்றன. அலன்யாவோடு ஒப்பிட்டால் வேறுபாடு தெளிவாகும். அங்கு உரிமம் பெற்ற மீனவர் எவரும், கூட்டுறவில் உறுப்பினரோ அல்லரோ, பட்டியலில் இடம்பெறலாம். இங்கே பட்டியல் பிறப்போடு எழுதப்படுகிறது.

ஆகவே பாட்டை அப்படியே வரைபடத்தில் ஏற்றுக என்று கோருவதும் போதாது. அவ்வாறு ஏற்றினால் ஊர்வழக்காக இருந்த விலக்கம் அரசாணையாக உறுதிப்பட்டுவிடும். பாட்டின் அறிவை, அதாவது இடத்தோடு பொழுதையும், வளத்தோடு முறையையும் சேர்த்து எண்ணும் அறிவைத் திட்டம் கற்றுக்கொள்ள வேண்டும். அதன் உறுப்பினர் பட்டியலையன்று.

திணையும் திட்டமும்

தமிழ்நாடு அரசின் கடலோர மீட்புத் திட்டம் ‘நெய்தல் மீட்சி இயக்கம்’ எனப் பெயர் பெற்றுள்ளது. திணைப்பெயர் ஒன்று நிருவாக மொழிக்குள் வருவது தமிழாய்வாளர்க்கு மகிழ்ச்சி தருவதே. ஆனால் மீட்கப்படுவது எந்த நெய்தல்? அலையாத்தியும் மணல்மேடும் கடலாமையும் நெய்தலின் கருப்பொருள் என்பதில் ஐயமில்லை. தொழிலும் மக்களும் கருப்பொருளே. மக்களைப் பயனாளிகள் என்று தனியே எழுதும்போது திணையின் கட்டமைப்பு பிளவுபடுகிறது.

ஊரமைப்புத் துறைக்கும் திணைக்கும் உள்ள ஓர் ஒப்புமையை இங்கு நினைவுகூரலாம். சென்னை மாகாணத்து ஊர்கள் குறித்து 1915இல் அறிக்கைகள் எழுதிய பேட்ரிக் கெடிஸ், மலையுச்சியில் தொடங்கிக் கடலில் முடியும் பள்ளத்தாக்கு வெட்டுப்படம் ஒன்றைத் தம் கோட்பாட்டின் அடித்தளமாகக் கொண்டிருந்தார். சுரங்கத் தொழிலாளி, மரம் வெட்டுவோர், வேடர், இடையர், உழவர், இறுதியில் மீனவர் என நிலத்துக்கேற்ற தொழிலும் தொழிலுக்கேற்ற மக்களும் அதில் நிரல்பட நிற்பர். குறிஞ்சியில் தொடங்கி நெய்தலில் முடியும் வரிசையை அறிந்தவர்க்கு இது புதிதாகத் தோன்றாது. இடம், தொழில், மக்கள் என்ற அவருடைய மும்மையை முதல், கரு, உரியோடு ஒப்பிட்டு மகிழ்வதும் எளிது. ஆயின் தொல்காப்பிய முதற்பொருளில் நிலத்தோடு பொழுதும் உண்டு. கெடிஸின் மும்மையில் பொழுதுக்குத் தனியிடம் இல்லை. பழவேற்காட்டை வாசிக்கத் திணை தரக்கூடிய கருவி இதுவே என்பது என் கருத்து. பெருமைக்குரிய பழமையாகவன்றி, திட்டத்தின் பட்டியலில் விடுபட்ட ஒரு கட்டத்தைச் சுட்டும் கருவியாக அதைக் கையாள வேண்டும்.

திணையைக் கருவியாக்கும்போது அதன் உள்முரண்களும் உடன்வர வேண்டும். நெய்தல் பரதவரின் நிலம் மட்டுமன்று. நுளையரும் அளவரும் உமணரும் சங்கப் பாடல்களில் உள்ளனர். மீனும் உப்பும் சுமந்து சென்று நெல்லாக மாற்றும் பெண்கள் அங்குண்டு. ஒரே இசைவில் ஒலிக்கும் நெய்தலைப் பனுவல்கள் நமக்குத் தரவில்லை. அதைப் பிற்கால ஆய்வுகளே கட்டமைத்தன. அவ்வாறே முல்லையும் குறிஞ்சியும் இயல்பு திரிந்து பாலையாவதைச் சிலப்பதிகாரம் சொல்கிறது. நெய்தல் திரிந்தால் என்ன வடிவம் கொள்ளும் என்பதை நம் உரைமரபு பேசவில்லை. அந்த வடிவத்தைக் காண இன்று எண்ணூர் வரை சென்றால் போதும்.

முகத்துவாரம்

காட்டுப்பள்ளித் துறைமுகத்தை 330 ஏக்கரிலிருந்து 6,111 ஏக்கராக விரிவாக்கும் முன்மொழிவு இவ்வாய்வின் பின்னணியில் தொடர்ந்து ஒலித்துக்கொண்டிருக்கிறது. அப்பரப்பில் ஏறத்தாழ 2,000 ஏக்கர் கடலைத் தூர்த்துப் பெறப்பட வேண்டியது. 2021 சனவரி 22இல் நடக்கவிருந்த மக்கள் கருத்துக்கேட்பும் 2023 செப்டம்பர் 5இல் நடக்கவிருந்த கருத்துக்கேட்பும் தள்ளிவைக்கப்பட்டன. இக்கரையில் மணல் ஆண்டின் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்கு நோக்கி நகர்கிறது. கடலுக்குள் நீளும் கட்டுமானத்தின் வடபுறம் கரை அரிக்கப்படும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சென்னைத் துறைமுகம் எழுந்த பின் இராயபுரமும் அதற்கு வடக்கேயுள்ள கரையும் கற்ற பாடம் இது. காட்டுப்பள்ளிக்கு வடக்கே இருப்பது பழவேற்காடு. இம்முன்மொழிவு பற்றிய சூழலியல் விவாதம் பெரிதும் நடந்துள்ளதால் அதனை மீண்டும் விரிக்கவில்லை. ஊரமைப்பு நோக்கில் ஒரு செய்தி மட்டும் சொல்ல வேண்டும். பழவேற்காட்டுக் குப்பங்களின் முதன்மையான பொதுச் சொத்து எது என்று கேட்டால் களத்தையோ துறையையோ எவரும் முதலில் சொல்வதில்லை. முகத்துவாரம் என்பர்.

முகத்துவாரம் மணலால் தூர்ந்தால் கடல்நீர் வரவு குறையும், இறால் குஞ்சு வராது, படகும் கடலுக்குப் போக இயலாது. வடகிழக்குப் பருவமழையின் வெள்ளம் அதைத் திறக்கும், கோடையில் மீண்டும் மூடும், இடமும் மாறும். நிலையான முகத்துவாரம் வேண்டும் என்பது மீனவர்களின் நெடுங்காலக் கோரிக்கை. அதற்கெனத் தடுப்புச்சுவர் அமைக்கும் பணியும் எடுத்துக்கொள்ளப்பட்டது. நகரும் நீர்வாயைச் சுவரால் நிறுத்துவது கரையின் வேறு பகுதிகளை எவ்வாறு பாதிக்கும் என்று கேட்பது நியாயமே. அதே கேள்வி தெற்கே உள்ள பெரிய சுவர்களை நோக்கி முதலில் கேட்கப்பட்டிருக்க வேண்டும் என்று மீனவர் சொல்வதும் நியாயமே. இரண்டையும் ஒரே படத்தில் வைத்துப் பார்க்கும் திட்டம் இதுவரை நம் கைக்கு வரவில்லை. குடியிருப்புக்கு ஒரு துறை, துறைமுகத்துக்கு ஒரு துறை, சரணாலயத்துக்கு ஒரு துறை எனப் பனுவல்கள் தனித்தனியே எழுதப்படுகின்றன.

மேலாண்மைத் திட்ட வரைபடத்தின்மீது மறுப்புத் தெரிவிக்கும் உரிமை ஊராட்சிகளுக்கும் தனியர்க்கும் உண்டு. அம்மறுப்பில் இடத்தைப் பெயர் சொல்லிக் குறிக்க வேண்டும். மக்கள் அறிந்த பெயர்களோ வருவாய்ப் பதிவேட்டில் இல்லை. பதிவேட்டின் புல எண்களோ மக்கள் நாவில் இல்லை. இவ்விரண்டையும் இணைத்து ஒரு சொல்லடைவைத் தயாரிப்பது பல்கலைக்கழகத் தமிழ்த் துறைகளால் இயலும். ஆற்றுவாய், ஓடை, திட்டு, கழி, துறை எனக் குப்பத்துக்குக் குப்பம் வேறுபடும் பெயர்களை, அவ்விடத்தை எவர் எந்தப் பருவத்தில் எந்தப் பொழுதில் பயன்படுத்துகின்றனர் என்னும் குறிப்போடு தொகுக்க வேண்டும். அத்தொகுப்பில் பாடு உடையோர் சொல்லும் பெயர்களோடு இருளர் சேற்றுத்திட்டுகளுக்கு வழங்கும் பெயர்களும், கருவாட்டுக் களத்தின் பகுதிகளைப் பெண்கள் தங்களுக்குள் பிரித்துச் சொல்லும் பெயர்களும் தனித்தனி நிரலில் இடம்பெற வேண்டும். ஒரே இடத்துக்கு இருவர் இருவேறு பெயர் சொன்னால் இரண்டும் எழுதப்பட வேண்டும். அவ்வாறான இரட்டைப் பெயர்கள் முகத்துவாரத்தை நெருங்க நெருங்க மிகுகின்றன என்பதை இதுவரையிலான என் கள ஏட்டுக் குறிப்புகள் காட்டுகின்றன.